மறைக்கக் கற்றவள்

அக்கா கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதும் சரி, சும்மா இருக்கும்போதும் சரி, இரண்டு கைகளும் எல்லார் கண்ணிலும் படும்படி முன்னால்தான் இருக்கும். விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டைத் தாண்டி வெண்புள்ளிகள் படர்ந்த கைகள். உதட்டோரத்தில் ஒரு புள்ளி, இடது கண்ணுக்குக் கீழே ஒன்று. மீதி முகம் நல்ல கறுப்பு. வெயில் பட்டால் புள்ளிகள் எரியும் என்பதால் எப்போதும் ஒரு குடை வைத்திருப்பாள். ஆனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ள மாட்டாள்.

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் அவள் அக்காதான். நாங்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். அவள் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் இந்தப் பக்கம் இல்லை. மகளோடு ஓசூருக்குப் போய்விட்டாள். அங்கேயும் பார்லர் வைத்திருக்கிறாள் என்றார்கள். அங்கேயும் யாரோடோ சண்டை என்றார்கள். இரண்டையும் உடனே நம்பினேன்.

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில்தான் எங்கள் பியூட்டீஷியன் பயிற்சி நடந்தது. முதல் நாளே நான் தாமதம். செட்டிகுளத்திலிருந்து வந்த பஸ் ஆலத்தூர் கேட்டில் மக்கர் செய்துவிட்டது. மூச்சு வாங்க மாடியேறிப் போனால், உள்ளே இருவர் இருவராகச் சேர்ந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி நாற்காலியில் உட்கார, இன்னொருத்தி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கண்ணாடிக்கு முன்னால் அக்கா மட்டும் தனியாக நின்றிருந்தாள்.

“நீ வாம்மா, இவங்க ரெண்டு பேரோட சேந்துக்க” என்றார் சொல்லிக்கொடுக்கிற மேடம். “அவங்க டம்மித் தலையில பழகிக்கட்டும்.”

“டம்மிக்கு வேர்க்காது மேடம்” என்றாள் அக்கா. “எனக்கு ஆளு வேணும்.”

அக்கா கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள்.

“நீ சொல்லு புள்ள. ஒனக்குப் பயமா இருக்கா?”

“ஆமாங்க” என்றேன். வேறு பதில் அந்த நேரத்துக்கு வரவில்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாடா, உள்ளதச் சொல்றதுக்கு ஒருத்தி வந்துட்டா. இந்தா பாரு, இது தொத்தாது. எம் பொண்ணு பொறந்ததுலேருந்து எங்கூடத்தான் ஒரே தட்டுல சாப்புடுது, ஒரே பாயில படுக்குது. அது ஒடம்புல ஒரு புள்ளி கெடையாது. இன்னும் பயமா இருந்தா அந்தப் பக்கம் போ, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பயம் போயிருச்சுன்னா உக்காரு.”

பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததால் உட்கார்ந்தேன். அவள் விரல்கள் என் நெற்றியில் பட்டன. மற்றவர்கள் விரல் மாதிரிதான் இருந்தன. கொஞ்சம் காய்த்துப்போயிருந்தன, அவ்வளவுதான். பருத்தி எடுத்த கை. கோர்ஸ் முடிகிறவரை நாங்கள் இருவரும்தான் ஜோடி.

நூலால் புருவம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு ரகளை நடந்தது. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கை விரல்களில் மாட்டி முறுக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கடித்துக்கொண்டு நின்றோம். அக்காவிடம் வந்ததும் மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க நூலைக் கழுத்துல கட்டிக்குங்க. பின்னாடி கஸ்டமர் ஏதாச்சும் சொல்வாங்க.”

“எதுக்கு மேடம்?”

“சுத்தத்துக்குத்தான். எச்சில் படக்கூடாதுல்ல.”

“இவங்க எச்சி படலாமா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“சுத்தம்னா எல்லாரையும் கழுத்துல கட்டச் சொல்லுங்க, நான் மொத ஆளாக் கட்டறேன். எனக்கு மட்டும்னா பல்லுலதான் கடிப்பேன்.”

கடித்துக்கொண்டேதான் அன்றைக்கு என் புருவத்தை எடுத்தாள். மேடம் கோபித்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். ஆனால் அவரும் யோசித்திருக்க வேண்டும். அடுத்த வகுப்பில் எல்லாரையும் கழுத்தில் கட்டச் சொல்லிவிட்டார். நூல் அறுத்துக் கழுத்தெல்லாம் எரிய, நாங்கள் அக்காவைத் திட்டித் தீர்த்தோம். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் என் கடையில் நூல் கழுத்தில்தான்.

அவளோடு வெளியே போவது லேசுப்பட்ட காரியமில்லை. டீக்கடைக்குப் போனால் டீக்கடையில் ஒரு வழக்கு. பஸ் ஏறினால் பஸ்ஸில் ஒரு வழக்கு. ஒருமுறை சாமான் வாங்க இருவரும் அரியலூர் போனோம். மூன்று பேர் சீட்டில் ஓரமாக ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நடுவில் அக்கா, ஜன்னல் ஓரம் நான். அக்கா கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் அந்த அம்மா மெல்ல எழுந்து நின்றுகொண்டார்.

“ஏங்க, எறங்கற எடமா?” என்றாள் அக்கா.

“இல்லீங்க... சும்மா...”

“சும்மான்னா உக்காருங்க. அரியலூரு இன்னும் தூரம். காலு வலிக்கும்.”

அந்த அம்மா வேறு பக்கம் பார்த்தார்.

“என்னெப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சீங்க. அதச் சொல்லிட்டு நில்லுங்க, நான் ஏன் எதுக்குன்னு வெளக்கமாச் சொல்றேன். ஒண்ணுமே சொல்லாம நிக்காதீங்க.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூசியது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் போய்க்கொண்டிருந்த சிமெண்ட் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும், “ஏன்க்கா இப்படிக் கத்துறீங்க? அந்தம்மாவும் பாவம்” என்றேன்.

“பாவம்தான். நான் இல்லங்கல. ஆனா நாளைக்கும் நான் இதே பஸ்லதான் வரணும்” என்றாள்.

என்னையும் அவள் விட்டுவைத்ததில்லை. நான் அப்போது எதையெதையோ வாங்கி முகத்தில் பூசிக்கொண்டிருந்தேன். வெங்காயக் காட்டு வெயிலில் வளர்ந்த நிறம் ஒரே மாதத்தில் மாறும் என்று ஏதோ ஒரு டப்பாவில் போட்டிருந்தது. அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வெள்ளையடிக்கணும்னா சொவத்துக்கு அடி. மூஞ்சிய ஏன் புள்ள பாடாப்படுத்தற? எனக்குத் தானா வந்த வெள்ளையப் பாத்தாலே ஓடுறாங்க, நீ காசு கொடுத்து வாங்குற” என்றாள். சிரிப்பு வந்தாலும் எனக்கு இரண்டு நாள் அவள் மேல் கோபம். சொல்வதை இதமாகச் சொல்லத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியாது. அது அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

சர்டிஃபிகேட் வாங்கியதும் அரியலூரில் ஒரு பெரிய பார்லரில் வேலை கேட்டுப் போனாள். அவர்கள் அவள் கைவேலையைப் பார்த்து மெச்சினார்கள். சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் உள்ளறையில் திரைக்குப் பின்னால் கால் வேலை மட்டும் பாருங்கள் என்றார்கள். “காலத் தொட்டா ஒட்டாது, மூஞ்சியத் தொட்டா ஒட்டுமா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் சொந்த ஊரான கீழப்பழுவூரில், பஸ் நிற்கிற இடத்தில், உரக்கடையை ஒட்டின ஒரே ஒரு அறையை எடுத்துக் கடை போட்டாள்.

கடைக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். எல்லாப் பார்லர் வாசலிலும் எங்கேயோ வடக்கே இருக்கிற ஒரு சிவத்த பெண்தான் சிரித்துக்கொண்டிருப்பாள். அக்கா தன்னையே படமெடுத்துக் கொடுத்தாள், கன்னத்தில் கை வைத்த மாதிரி. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் நல்ல மனதோடு, கேட்காமலேயே, கம்ப்யூட்டரில் புள்ளிகளையெல்லாம் துடைத்து, கொஞ்சம் சிவப்பாகவும் ஆக்கிக் கொண்டுவந்தார். நானும் அப்போது கூட இருந்தேன்.

“இது யாருங்க?” என்றாள் அக்கா.

“நீங்கதான்க்கா.”

“இந்தப் பொம்பள என் கடையில வேல பாக்கல. வேல பாக்கறது நானு. உள்ள வர்றவங்க என்னெப் பாத்துத் திடுக்குன்னு ஆவறதுக்கு, வெளியவே பாத்துட்டு வரட்டும்.”

மறுபடி அடித்துக்கொண்டுவர வைத்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் போகிற பஸ்களில் இருந்தவர்கள் தலையை நீட்டி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். முதலில் வேடிக்கைக்கு வந்தார்கள். அப்புறம் வேலைக்காக வந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிறவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்தார்கள் என்பதால் கடைக்குள் முகம் சுளிப்பவர்கள் குறைவு. கல்யாண வேலை வந்தால் என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். அவள் முகம் பார்ப்பாள், நான் தலையும் சேலையும் பார்ப்பேன்.

ஆனால் அவள் கற்றுக்கொள்வதை நிறுத்தவில்லை. எங்கள் செட்டில் பாதிப் பேர் கல்யாணம், குழந்தை என்று தொழிலையே விட்டுவிட்டார்கள். நானெல்லாம் ஒரு முறை கற்றதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வருசா வருசம் எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடுவாள். நக வேலை ஒரு வருசம், முடிக்கு ஒரு வருசம். தன் மகள் வயசுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பாள். தீக்காயத் தழும்போடு ஒரு பெண் ஒருநாள் கடைக்கு வந்து, அண்ணன் கல்யாணத்துக்கு இதை மறைக்க முடியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா என்று அக்கா சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. திருச்சியில் அதற்கென்றே ஒரு பயிற்சி நடக்கிறது, தழும்பு, புள்ளி, பிறவி மச்சம் எல்லாவற்றையும் மறைக்கிற மேக்கப், வா போகலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர். அக்காவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். “அம்மா, நீங்களே வந்து உக்காருங்க. உங்களுக்குப் போட்டுக் காட்டினா எல்லாருக்கும் நல்லாப் புரியும்” என்றார். அக்கா மறுப்பேதும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். எனக்கே ஆச்சரியம்.

முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு அக்காவின் நிறத்துக்கு மூன்று டப்பாக்களிலிருந்து எடுத்துக் குழைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வேலை செய்தார். முடித்தபோது உதட்டோரமும் கண்ணடியும் கைகளும் ஒரே நிறமாக இருந்தன. எங்கே இருந்தன புள்ளிகள் என்று தேட வேண்டியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கண்ணாடியை அக்காவின் முன்னால் பிடித்தார். அவள் அழுவாள் என்று அந்த அறையே எதிர்பார்த்தது. நானும்தான்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தாள்.

“வேல பிரமாதம் சார். இங்க மட்டும், இந்தக் கண்ணோரத்துல, கோடு தெரியுது. எப்படிக் கலைக்கணும்?”

அவர் சொல்லிக்கொடுத்தார். பிறகு இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டார். ஒன்றின் மேல் ‘முன்’ என்றும் மற்றதன் மேல் ‘பின்’ என்றும் எழுதியிருந்தது.

“சார், ஒரு சந்தேகம்” என்று அக்கா எழுந்தாள். “எது முன்னாடி, எது பின்னாடின்னு எப்படிச் சொல்றீங்க? நான் போயி மூஞ்சி கழுவுனா திரும்ப இந்தப் புள்ளிதானே வரும்? அப்ப அதுதானே பின்னாடி?”

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். வாய்விட்டுச் சிரித்தார். எழுத்தை எடுத்துவிட்டுப் படங்களை மட்டும் விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“இவ்வளவு நல்லா இருக்கே, நீங்களும் எப்பவாச்சும் போட்டுக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“வேணுங்கறவங்களுக்குப் போடக் கத்துக்கிட்டேன். எனக்கு வேணாம்” என்றாள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அப்படிக் கற்றதை வைத்து நிறையப் பேருக்குச் செய்தாள். ஒருத்தருக்கும் மறைக்காதே என்று அவள் உபதேசம் செய்து நான் கேட்டதில்லை. ஜெசிந்தா வரும்வரை அவள் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதும் இல்லை.

ஜெசிந்தா ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் மேக்கப் போட்டுப் பார்க்க அம்மாவோடு வந்திருந்தாள். நானும் அன்றைக்குக் கடையில் இருந்தேன். மாதா கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது, இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் என்று ஊர் அறியச் சொல்லியாகிவிட்டது. பெண் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அம்மாதான் கதவைச் சாத்திவிட்டு, மகளின் முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குக் கீழே கழுத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. வலது கையில் இரண்டு விரல்களில் நுனி வெளுத்திருந்தது.

“ஒண்ணுமே தெரியக்கூடாதும்மா” என்றார். “நீ நல்லாப் போடுவேன்னு சொன்னாங்க.”

“போட்டுரலாம்மா. தெரியாது.” அக்கா டப்பாக்களைத் திறந்து ஜெசிந்தாவின் கழுத்தோரம் நிறம் பார்த்துக்கொண்டே கேட்டாள், “மாப்ளைக்குத் தெரியுமா?”

அம்மா சாத்தின கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“மாப்ள வூட்டுல யாருக்காச்சும்?”

“கல்யாணம் ஆகட்டும்மா. அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு...”

அக்கா ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்ப நான் போட மாட்டேன்.”

“என்னம்மா இப்படிச் சொல்ற? நீயும் பட்டவதானே, ஒனக்குத் தெரியாததா?”

“பட்டதாலதான் சொல்றேன்” என்றாள் அக்கா. அதுவரை அவள் தன் கல்யாணத்தைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. “எனக்குக் கல்யாணத்தப்ப முதுகுல ஒரே ஒரு புள்ளி. எங்கம்மா சொல்லாதேன்னுச்சு. நானும் சொல்லல. வெளக்க அணைச்சுட்டுத்தான் துணி மாத்துவேன். விடியறதுக்கு முன்னாடி குளிப்பேன். அவரு பின்னாடி வந்து நின்னாலே ஒடம்பு நடுங்கும். புள்ள பொறந்தப்பறம் கைக்கு வந்துருச்சு, அதுக்கு மேல எங்க மறைக்கறது? எங்க மாமியா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘இது வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எங்கள ஏமாத்திட்டீங்களே’ன்னுச்சு. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.”

ஜெசிந்தா அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“ஊருக்கு மறைக்கறதுன்னா எத்தன பேருக்கு வேணாலும் மறைக்கறேன்” என்று அக்கா அவளிடம் சொன்னாள். “கூடப் படுக்கறவனுக்கு மறைக்க எங்கிட்ட மேக்கப் இல்ல. அவருகிட்ட நீ சொல்லிட்டியானா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஒங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்.”

அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் வா என்றார். ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பாதியில் நிறுத்தவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை ஜெயங்கொண்டத்திலிருந்து அவர் அம்மாவோடு கடைக்கே வந்தார். அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லி ஜெசிந்தாதான் வரச் சொல்லியிருந்தாள். அவளும் தன் அம்மாவோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மரியாதையான பையன். உட்கார்ந்ததும், “இது தொத்துங்களா?” என்றார்.

“தொத்தாது. டாக்டர்கிட்டயும் போய்க் கேட்டுக்குங்க.”

“பொறக்கற குழந்தைக்கு வருமா?”

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லிவிடமாட்டாளா என்று நான் ஏங்கினேன். ஜெசிந்தாவின் அம்மா மூலையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“வராமலே போகலாம். வந்தாலும் வரலாம்” என்றாள் அக்கா. “எம் பொண்ணுக்கு இல்ல. ஆனா நான் உறுதி சொல்ல முடியாது.”

பையனின் அம்மா எழுந்துவிட்டார். பையன் ஜெசிந்தாவை ஒரு தடவை பார்த்தார். தன் அம்மாவின் பின்னாலேயே போய்விட்டார். பைக் சத்தம் மெயின் ரோட்டில் கரைந்தது. ஜெசிந்தா மேஜை மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அக்கா அவள் முதுகில் கை வைத்தாள். அவள் அம்மா வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

ஓலை வாசித்த கல்யாணம் நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெசிந்தாவின் அம்மா ஒருநாள் காலை பஸ் நிற்கிற இடத்தில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். “தான் வாழலேன்னு எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டாளே!” என்று கத்தினார். அக்கா கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. வாசலில் வந்து நின்று, அவர் பேசி முடிக்கிறவரை கேட்டாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அதைப் பார்த்ததில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அக்கா பேசாமல் நின்று அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

பிடித்து வைத்திருந்த கல்யாண வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பெண் வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று பேச்சு. ஃப்ளெக்ஸில் யாரோ முகத்தின் மேல் சாணியை அடித்திருந்தார்கள். அக்கா அதைக் கழுவி, அதே இடத்தில் இன்னும் இறுக்கமாகக் கட்டினாள். வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்து, வெறும் நாற்காலியைத் துடைத்து வைப்பாள். டம்மித் தலையை எடுத்து வைத்துக்கொண்டு, போனில் பாடம் பார்த்துப் புதுசு புதுசாகக் கொண்டை போட்டுப் பழகுவாள்.

“யாரு வர்றாங்கன்னு இதெல்லாம் கத்துக்கறீங்க?” என்றேன் ஒருநாள், பொறுக்க முடியாமல்.

“வர்றப்ப கத்துக்க முடியாதுல்ல” என்றாள்.

“கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்க்கா.”

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சீவத் தொடங்கினாள். “அந்தப் புள்ள அழுதது ராத்திரியெல்லாம் கேக்குது. நான் செஞ்சது சரின்னு ஒனக்குச் சொல்லலாம், அந்தப் புள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இன்னொருத்தி வந்து உக்காந்தாலும் அதத்தான் கேப்பேன், மாப்ளைக்குத் தெரியுமான்னு.”

மழைக்காலம் முடிந்து, பள்ளிக்கூடம் விட்ட ஒரு சாயங்காலம், ஜெசிந்தா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் வந்தாள். நான் அன்றைக்கு அக்காவுக்குச் சாமான் கொடுக்கப் போயிருந்தேன். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கழுத்துத் திட்டு நன்றாகத் தெரிந்தது.

“புருவம் எடுக்கணும்க்கா” என்றாள்.

அக்கா நாற்காலியைத் தட்டிப் போட்டாள். நூலை இரண்டு தடவை மாட்ட வேண்டியிருந்தது. நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. போகும்போது மட்டும் ஜெசிந்தா, “இப்பல்லாம் நல்லாத் தூக்கம் வருதுக்கா” என்றாள். பிறகு அடிக்கடி வந்தாள். டீச்சரே போகிறார் என்று, அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். கடை மெல்ல நிமிர்ந்தது.

அடுத்த வருசம் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கூடவே வேலை பார்க்கிற கணக்கு வாத்தியார். சாக்பீஸ் பிடித்த அந்த விரல்களைத் தினமும் பார்த்துப் பழகினவர். பெண் கேட்டு வந்ததே அவர்தான். கல்யாணத்துக்குச் சொல்ல ஜெசிந்தாவின் அம்மா கடைக்கு வந்தார். படியேறாமல் வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாங்கம்மா. கல்யாணச் சேதிய ரோட்டுல நின்னா சொல்றது?” என்றாள் அக்கா.

வந்து உட்கார்ந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. “அவ எதையும் மறைக்க வேணாங்கறா. நீ சொன்னாத்தான் கேப்பா. கழுத்துல மட்டுமாச்சும்...” என்றார்.

“இந்த மாப்ளைக்குத்தான் தெரியுமே. இனி அவ கேட்டா மறைக்கறேன், கேக்கலேன்னா இல்ல. அத அவதான் சொல்லணும், நீங்களும் நானும் சொல்ல முடியாது.”

கல்யாணத்தன்று விடியக்காலம் ஏலாக்குறிச்சிப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அக்கா எல்லா டப்பாவையும் திறந்து வைத்துவிட்டு, “சொல்லு” என்றாள். ஜெசிந்தா கண்ணாடி வழியாக, கதவோரம் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள்.

“கழுத்துல போட்டுருங்கக்கா. அம்மா மனசுக்கு. கையில வேணாம்.”

அக்கா மறு பேச்சுப் பேசவில்லை. அவ்வளவு காலம் கற்றதையெல்லாம் அந்தக் கழுத்தில் இறக்கினாள். குழைத்தாள், ஒற்றினாள், விளிம்பைக் கலைத்தாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்த எனக்கே இடம் தெரியவில்லை. கையை வெறுமனே துடைத்து எண்ணெய் தொட்டு விட்டுவிட்டாள்.

கோயிலில் பூசை முடிந்து, தாலி கட்டி, மோதிரம் மாற்றி, எல்லாரும் பீடத்துப் படிகளில் படத்துக்கு நின்றார்கள். மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தம், பெண் பக்கத்துச் சொந்தம் என்று கூட்டம். வேர்வை ஒற்றுவதற்காக அக்காவும் நானும் ஓரத்தில் நின்றோம். போட்டோ எடுக்கிறவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

“சிஸ்டர், அந்தக் கைய மட்டும் கொஞ்சம் பூச்செண்டுக்குப் பின்னால வெச்சுக்குங்க.”

ஜெசிந்தாவின் முகம் ஒரு கணம் வாடியது. அக்கா மூச்சை இழுத்ததை நான் கேட்டேன். ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குள் கீழே முன்வரிசைப் பெஞ்சிலிருந்து வேறொரு குரல் வந்தது.

“ஏன் தம்பி, எம் பொண்ணு கைக்கு என்ன?”

ஜெசிந்தாவின் அம்மா எழுந்து நின்றிருந்தார்.

“இல்லம்மா, ஆல்பத்துல பாக்கறப்ப...”

“ஆல்பம் எங்களது. மோதிரம் போட்ட கைய எதுக்குப் பின்னால வைக்கறது? தூக்கச் சொல்லு. நல்லாத் தூக்கி வெச்சு எடு.”

ஜெசிந்தா கையைத் தூக்கி மாப்பிள்ளையின் கை மேல் வைத்தாள். வெளிச்சம் அடித்தது.

எப்போதும் முந்திக்கொள்கிற அக்காவுக்கு அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. விறுவிறுவென்று போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் படிகளில் ஏற்றினாள். மகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் நெற்றியிலும் கன்னத்திலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அக்கா அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அத்தனை பேர் பார்க்க, தன் கையாலேயே நிதானமாக ஒற்றி எடுத்தாள். அந்த அம்மா கண்ணை மூடி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.